தனி உலை

பேச்சு நின்று போன பிறகும் பெரியவளும் சின்னவளும் சூளைக் களத்தில் ஒரே அச்சில்தான் செங்கல் அறுத்தார்கள். வேறு வழியில்லை. சின்னவள் பிசைந்த களிமண்ணை உருட்டி, மணலில் ஒரு புரட்டுப் புரட்டி நீட்டுவாள். பெரியவள் அதை வாங்கி அச்சுக்குள் ஓங்கி அடித்து, மேலே பிதுங்கியதை வழித்துத் தள்ளி, தரையில் கவிழ்த்து, அச்சை மட்டும் தூக்குவாள். ஈரம் மினுங்க, இன்னும் சுடாத ஒரு பச்சைக்கல் உட்கார்ந்திருக்கும். அடுத்த உருண்டை அதற்குள் பெரியவளின் கைக்கு வந்திருக்கும். ஒருத்தி கை நின்றால் மற்றவள் கையும் நிற்கும் வேலை அது. ஜோடி மாற்றித் தரச் சொல்லிப் பெரியவள் போய்க் கேட்டதற்கு மேஸ்திரி, "உங்க வீட்டுச் சண்டைக்கு நான் களத்தைப் பாகம் பிரிக்க முடியாது தாயி" என்று சொல்லிவிட்டார்.

மண் இளகலாக இருந்தால் பெரியவள் "த்சு" என்பாள். சின்னவள் ஒரு பிடி மணல் கூட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு.

"ரெண்டு ஊமைங்க சேர்ந்து அறுக்கிற கல்லு, அதான் இவ்வளவு அழுத்தமா இருக்கு" என்று பக்கத்து வரிசையில் கல் சுமக்கிற லோடுக்காரி சொன்னபோது களமே சிரித்தது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

பெரியவள் அண்ணன் பெண்டாட்டி. சின்னவள் அவனுடைய தங்கை. கட்டியவன் வேலைக்கென்று போன ஊரில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று தெரிந்ததும், இரண்டு பிள்ளைகளையும் ஒரு துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த அன்று பெரியவள்தான் வாசலில் நின்று மூட்டையை வாங்கினாள். அதை யாரும் மறுக்க முடியாது. "எங்களுக்கு ஊத்துற கஞ்சியில உனக்கும் ஊத்துறேன், வா" என்று சொன்னதும் அவள்தான். வாய் அப்படிப்பட்ட வாய். நல்லதும் அதிலிருந்துதான் வரும், மற்றதும் அதிலிருந்துதான் வரும்.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சூளை முதலாளியின் இடம்; ஒரே அறை, பின்னால் தகரம் சாய்த்த ஒரு தாவாரம். அறையில் பெரியவள், சூளையில் தீ பார்க்கிற அவள் புருஷன், பத்தாவதுக்கு மேல் படிக்கிற மகள், கீழே இரண்டு பையன்கள். தாவாரத்தில் சின்னவளும் அவள் பிள்ளைகளும். அறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. மகள் குளிக்கும்போது பெரியவள் சாக்குத் திரைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். லாரிக்காரர்கள் அந்தப் பக்கமாகத்தான் சிறுநீர் கழிக்கப் போவார்கள். போகிறவன் ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லாமல் வைவாள்.

அந்த வீட்டுக்கும் ஆயுள் முடிந்திருந்தது. முதலாளி மண் தோண்டும் குழி வருஷத்துக்கு வருஷம் நகர்ந்து, இப்போது வாசலில் நின்று குப்பை கொட்டினால் குழிக்குள் விழும் தூரத்துக்கு வந்துவிட்டது. "மழை முடிஞ்சதும் இந்த வீட்டு வரிசையை எடுத்துருவேன். அதுக்குள்ள ஒரு இடம் பாத்துக்குங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்து வை என்பது போலச் சொன்னார்.

ஊருக்கு மேற்கே, தண்ணீர்த் தொட்டி மேட்டில், அரசாங்கம் வீடில்லாதவர்களுக்காகக் கட்டிய வீட்டு வரிசை முடிந்திருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, உள்ளேயே குளியலறை, எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள். பெரியவள் ஒரு மாலை அங்கே போய், பூட்டியிருந்த ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். தாழ்ப்பாளைத்தான் பார்த்தாள். மற்றது எதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் ஆள் முடிவாகி, மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது.

அந்த ஒன்றை அவள் தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்திருந்தாள்.

சண்டை பாலில் ஆரம்பித்தது. பெரியவளின் கடைசிப் பையனுக்கென்று வைத்திருந்த பாலைக் காய்ச்சலில் கிடந்த தன் மகனுக்குச் சின்னவள் ஊற்றிவிட்டாள். கேட்டிருந்தால் பெரியவளே ஊற்றியிருப்பாள். கேட்கவில்லை என்பதுதான் குற்றம். "வந்தவங்க வந்தவங்க மாதிரி இருக்கணும். கை நீட்டுறதுக்கு முன்னாடி வாயைத் திறக்கணும்" என்று பெரியவள் சொன்னாள். சின்னவள் அன்று பொழுது சாய்வதற்குள் கழிவுக்கல் குவியலிலிருந்து செங்கல் பொறுக்கி வந்து, தாவாரத்து மூலையில் அடுப்புக் கூட்டி, ஒரு சின்னச் சட்டியில் உலை வைத்துவிட்டாள்.

ஒரே கூரைக்குள் இரண்டு புகை. பெரியவளுக்கு அந்தப் புகை கண்ணில் பட்டதைவிட மனசில் பட்டதுதான் அதிகம். "எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்" என்றாள். நாள் போய்க்கொண்டே இருந்தது.

அந்தச் சூட்டில்தான் கணக்கெடுக்கிற பெண் களத்துக்கு வந்தாள். கையில் போன், காலில் களத்துச் சேறு. "உங்க குடும்பத்துல எத்தனை பேர்?" என்றாள். பெரியவள் ஐந்து பேரைச் சொன்னாள். "தாவாரத்துல இருக்கிறவங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். சின்னவள் நாலு அடி தள்ளி மண் மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றே பெரியவள் குரலை உயர்த்தினாள்.

"அவளையா? அவளை எங்ககூட எழுதாதீங்க. அவ உலை வேற, எங்க உலை வேற."

கணக்குப் பெண் போனில் எதையோ தட்டினாள். பிறகு சின்னவளிடம் போய் அவளுக்குத் தனியாகக் கேள்வி கேட்டாள். சின்னவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கத்தும்போது சந்தோஷம் இருந்திருக்கும். பெரியவளுக்கு அன்று சாயங்காலம் வரைகூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

பட்டியல் ஊராட்சிச் சுவரில் ஒட்டப்பட்டபோது, மிச்சமிருந்த வீட்டுக்கு நேராக மூன்று குடும்பங்கள் வரிசையாக இருந்தன. முதலில் சின்னவள். அடுத்து மில் வாட்ச்மேன். அதற்குக் கீழே பெரியவள் குடும்பம். மகள்தான் படித்துச் சொன்னாள். பெரியவள் நம்பாமல் எழுத்தரிடம் போனாள்.

எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இதுல என் கையில ஒண்ணுமில்லம்மா. ஒரே சமையல்ல சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். அதான் விதி. நீங்க அஞ்சு பேர், ஒரு ரூம். இந்த ஊர்ல பாதி வீடு அப்படித்தான். அந்தம்மா புருஷன் விட்டுட்டுப் போனவங்க, ரெண்டு சின்னப் பிள்ளைங்க, தகரத் தாவாரம். நேரா மேல போயிருச்சு."

"எட்டுப் பேரும் ஒண்ணாத்தான் சார் இருக்கோம். ஒரே கூரை."

"கூரையைக் கேக்கலம்மா. அடுப்பைத்தான் கேக்குறாங்க. எட்டுப் பேரும் ஒரே சமையல்னு இருந்திருந்தா நெருக்கடிக்கே மார்க் குவிஞ்சிருக்கும். யாரும் கிட்ட வந்திருக்க முடியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "வியாழக்கிழமை சரிபார்க்க ஆபீசர் வர்றாங்க. வந்து அடுப்பைத்தான் பாப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் நாள் பூராவும் சூளை வாயில் நின்று தீ பார்த்துவிட்டு, புருவம் கருகி, தரையில் மல்லாந்து கிடந்தான்.

"உங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க. அந்த அடுப்பைப் பிரிக்கச் சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"நான் பேசுறதில்ல."

"அப்போ நான் மட்டும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்ல? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. எனக்கு மூணாவது பக்கம் ஒண்ணு இருந்தா அங்கயும் இடிப்பீங்க."

"மத்தளமாவது அடிச்சா சத்தம் போடும். நீங்க அதுவும் போடுறதில்ல."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத்தை என்ன தப்பு பண்ணுச்சு? நீதானம்மா எழுதாதீங்கன்னு சொன்ன? எழுதாம போயிட்டாங்க. சொன்னதைத்தானே செஞ்சிருக்காங்க."

"படிச்ச வாய் பேசுது பாரு! உனக்காகத்தாண்டி நான் அல்லாடுறேன். அந்தத் தாழ்ப்பாள் உனக்குத்தான்."

"தெரியும்" என்றாள் மகள். "அதுக்காகப் பொய்யைச் சரின்னு சொல்லணுமா?"

பெரியவள் கையில் அகப்பை இருந்தது. அடிக்கவில்லை. அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். அது அடித்ததைவிடப் பெரிய சத்தமாகக் கேட்டது.

வியாழக்கிழமை விடியும்போதே வானம் சரியில்லை. காற்று நின்று போய், களத்துப் புழுதி எழும்பாமல் கிடந்தது. பெரியவள் தாவாரத்துக்குப் போனாள். சின்னவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பேசப்போகிற வாய். அதில் முதல் வார்த்தை எதுவென்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கே போனாள்.

"இன்னிக்கு ஒரு நாள் நம்ம அடுப்புல ஆக்கு."

சின்னவள் சீப்பை நிறுத்தவில்லை. "ஒரு நாளைக்கு மட்டுமா அண்ணி?"

"இடக்குப் பேசாத. என்னத்துக்குச் சொல்றேன்னு உனக்குத் தெரியும். நீ இந்தக் கல்லைப் பிரிச்சுப் போட்டுட்டு, ஒரே சமையல்னு சொல்லிட்டா வீடு நமக்கு. எட்டுப் பேரும் போயிரலாம்."

"போயி?"

"போயி என்ன? இருப்போம்."

"ரெண்டு ரூம்னு சொல்றாங்க. அதுல எனக்கு எது?"

பெரியவள் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு அறை தனக்கும் புருஷனுக்கும் பையன்களுக்கும். ஒரு அறை மகளுக்கு. மனசுக்குள் அவள் போட்ட கணக்கு அப்படித்தான் இருந்தது. சின்னவளை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வைக்கவேயில்லை.

"பாத்துக்கலாம்" என்றாள்.

"பாத்துக்கலாம்னா சமையல்கட்டு வாசல்." சின்னவள் முடியை முடிந்தாள். பிள்ளையை எழுப்பி அனுப்பினாள். "அண்ணி, நான் மனு எழுதிப் போடல. யார் காலையும் பிடிக்கல. உங்க வாயால ஒரு வீடு வருது எனக்கு. அதை நானே எட்டி உதைக்கணும்கிறீங்க."

"இந்த வீட்டுல சேத்து வெச்சது யாரு? மூட்டையை வாங்கி உள்ள வெச்சது யாரு?"

"நீங்கதான். நான் இல்லேங்கல."

"அப்போ நன்றின்னு ஒண்ணு வேணாமா?"

"இருக்கு அண்ணி. ஒவ்வொரு கரண்டிக்கும் இருக்கு. நீங்க ஊத்தும்போது எம்பிள்ளைங்க உங்க கையைப் பாக்காது, உங்க மூஞ்சியைத்தான் பாக்கும். இன்னிக்கு அத்தை மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் தட்டை நீட்டும். நீங்க பாத்திருக்கீங்களா?"

பெரியவள் பார்த்ததில்லை. ஊற்றுகிறவள் எங்கே அதைப் பார்ப்பாள்?

"செய்வியா மாட்டியா, அதைச் சொல்லு."

சின்னவள் எழுந்து சேலையைச் சுருட்டிச் செருகினாள். "மேஸ்திரி கூப்பிடுறாரு. மழை வர்றதுக்குள்ள நேத்து அறுத்த கல்லைத் திருப்பி வைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் களத்தைப் பார்த்து நடந்தாள்.

காலை முழுக்க அவர்கள் பச்சைக்கற்களைப் பக்கம் மாற்றி நிறுத்தினார்கள். பாதி காய்ந்த கல்லைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். விரல் அழுந்தினால் முனை உதிரும். பெரியவளின் கையில் அன்று ஒன்றன்பின் ஒன்றாக முனை உதிர்ந்தது. மேஸ்திரி கத்தினார். வடக்கே வானம் ஈயச்சட்டி நிறத்துக்கு வந்தது. வேலைக்கு நடுவில் சின்னவள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுப் பக்கம் போய்விட்டாள்.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். தகரத் தாவாரத்திலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் ஓடினாள். வழியில் கால் சறுக்கி முழங்கால் சிராய்த்தது. அதற்குள் ஆபீசர் வந்துவிட்டிருந்தாள். சின்ன வயசுப் பெண்தான். பைக்கில் வந்த களைப்பு முகத்தில், மதியம் சாப்பிடாத எரிச்சல் பேச்சில். கூட எழுத்தர். வாட்ச்மேன் பெண்டாட்டியும் செய்தி தெரிந்து வந்து வேலியோரம் நின்றாள், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒன்று. அவளை வையக்கூடப் பெரியவளுக்கு மனசு வரவில்லை. அவள் வீட்டிலும் தலைக்கு மேல் ஒழுகுகிறது.

தாவாரத்து மூலையில் அடுப்பு எரிந்தது. சட்டியில் சோறு கொதித்தது. சின்னவள் பக்கத்தில் நின்றாள். மறைக்கவும் இல்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை.

"நீங்க தனியாத்தான் சமைக்கிறீங்களா?" என்றாள் ஆபீசர்.

"ஆமாங்க."

"எப்பவும்? இன்னிக்கு நான் வர்றேன்னு வெச்ச அடுப்பு இல்லையே?"

"சுவரைப் பாருங்க. ஒரு நாள் புகையில அவ்வளவு கரி ஏறாது."

ஆபீசர் தகரத்தைத் தடவி விரலைப் பார்த்தாள். பிறகு பெரியவளின் பக்கம் திரும்பினாள். "முதல் கணக்குல உலை வேறன்னு சொன்னது நீங்க. இப்போ ஒரே சமையல்னு சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன். எது சரி?"

"ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றாள் பெரியவள். மூச்சு வாங்கியது. "எட்டுப் பேருக்கு வீடு கொடுத்தா எட்டுப் பேருக்கும் ஆச்சு. மூணு பேருக்குக் கொடுத்தா அஞ்சு பேரு குழி ஓரத்துல நிப்போம். இது என்ன கணக்கு?"

"நீங்க கேக்குறது நியாயம்தான். அந்தக் கேள்விக்கு இந்தப் போன்ல பட்டன் இல்லம்மா." ஆபீசர் நெற்றியைத் துடைத்தாள். "நான் யார் குடியையும் கெடுக்க வரல. ஒரே ஒரு வீடு, மூணு குடும்பம். எனக்கு வேணும்கிறது ஒரு பதில். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா அப்படியே எழுதிட்டுப் போறேன். நீங்க ஒண்ணு, அவங்க ஒண்ணு சொன்னா, தகராறுன்னு போட்டு ரெண்டு பேரையும் ஒதுக்கிடுவேன். அடுத்த ஆளுக்குப் போயிரும்."

வேலியோரத்தில் வாட்ச்மேன் பெண்டாட்டி இடுப்புப் பிள்ளையை மாற்றி வைத்தாள்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று எழுத்தர் கேட்டார். புருஷன் வாசற்படியில் நின்றிருந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், சூளைப் புகையைப் பார்த்தான்.

"அவங்க ரெண்டு பேரும் சொல்றதுதாங்க."

"பேசுங்க!" என்று பெரியவள் அவனைப் பார்த்துக் கத்தினாள். "இன்னிக்காவது வாயைத் திறந்து ஒண்ணு சொல்லுங்க! எனக்காகச் சொல்லுங்க, இல்ல அவளுக்காகச் சொல்லுங்க!"

அவன் தலை கவிழ்ந்தது. மகள் அறை வாசலில் நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற முகமாக இருந்திருந்தால் வேலை சுலபம். திமிராக இருந்திருந்தால் இன்னும் சுலபம். சின்னவளின் கையில் காய்ந்த களிமண் வெடித்திருந்தது. அந்தக் கையால் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று நிற்கிறவள் முகம். புருஷன் விட்டுப் போன செய்தியையும் இப்படித்தான் வாங்கியிருப்பாள்.

"ஒரே உலைதான்" என்று பெரியவளின் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வார்த்தை போதும். வீடு தனக்கு வராது, அவளுக்கும் வராது. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை. அதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசி அவளுக்குப் பழக்கமான ருசிதான். கணக்குப் பெண்ணிடம் குரலை உயர்த்தியபோது நாக்கில் இருந்த அதே ருசி.

கொதித்த சோறு பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. சின்னவள் அசையவில்லை. பெரியவள்தான் குனிந்து, சேலையைப் பிடிதுணியாக்கி, சட்டியை இறக்கி வைத்தாள்.

"எழுதிக்குங்க" என்றாள், நிமிராமலே. "அவ தனிதான். ரொம்ப நாளா தனிதான்."

ஆபீசர் தட்டினாள். போன் ஒரு சின்னச் சத்தம் போட்டது. அவ்வளவுதான், ஒரு வீடு இடம் மாறிய சத்தம். வாட்ச்மேன் பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஆபீசர் பைக்கை எடுக்கும்போது சின்னவள் கேட்டாள். "மேடம், எங்க அண்ணன் குடும்பம் அங்க வந்து எங்கூடத் தங்கலாமா?"

"பதிவுல இருக்கிறவங்கதான் குடியிருக்கணும். நடுவுல வந்து பாப்பாங்க." ஆபீசர் ஹெல்மெட்டை மாட்டினாள். "விருந்தாளி வரலாம். விருந்தாளி வரக்கூடாதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

அவள் திருப்பம் தாண்டுவதற்குள் முதல் துளி விழுந்தது. களத்திலிருந்து மேஸ்திரியின் குரல் வெடித்தது: "தார்ப்பாய்! ஓடியாங்க, எல்லாம் கரைஞ்சிரும்!"

பச்சைக்கல் மழையைத் தாங்காது. ஒரு பாட்டம் அடித்தால் ஒரு வாரத்து உழைப்பு சேறாகிவிடும். இரண்டு பேரும் ஓடினார்கள். நீளமான தார்ப்பாயின் ஒரு முனையைச் சின்னவள் பிடித்தாள், மறுமுனையைப் பெரியவள். காற்று நடுவில் புகுந்து பாயைத் தூக்கியது. உடைந்த கற்களைத் தூக்கி ஓரத்தில் பாரம் வைத்தார்கள். தலை நனைந்து, சேலை காலில் ஒட்டிக்கொண்டது. வரிசை வரிசையாக மூடிக்கொண்டே போனார்கள். பெரியவள் அழுதாள். மழையில் அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம். ஆனால் சின்னவளுக்குத் தெரிந்தது.

"அண்ணி."

"பேசாத. இன்னும் எனக்கு ஆறல. ஆறவும் ஆறாது."

"ஆற வேண்டாம். கேளுங்க. குழி இங்க வரும்போது எங்க போவீங்க?"

"எங்கயாவது போறோம். உனக்கென்ன? மேட்டுல உக்காந்து எங்களை வேடிக்கை பாரு."

"எங்கூட வாங்க. அஞ்சு பேரும் வாங்க."

பெரியவள் கல்லைக் கீழே வைத்தாள். "காதுல விழலயா அந்தப் பொண்ணு சொன்னது? பதிவுல இல்லாதவங்க இருக்கக்கூடாது."

"விருந்தாளின்னு சொல்லுவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்ப வந்து கேட்டாலும் அப்பத்தான் வந்தாங்கன்னு சொல்லுவேன். அண்ணன் ஒரு ரூம்ல இருக்கட்டும், பையங்களோட. உங்க பொண்ணு எங்கூட. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படிக்கட்டும். நான் பாத்துக்கலாம்னு சொல்லல அண்ணி, எல்லாருக்கும் இடம் சொல்றேன்."

"எனக்கு?"

"நீங்க உங்க புருஷன்கூடத் தூங்குவீங்களோ, பொண்ணுகூடத் தூங்குவீங்களோ, அதை நான் எப்படிச் சொல்ல?"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. உதட்டைக் கடித்தாள். மழை கனத்து, எதிரே நிற்கிறவள் முகமே கலங்கலாகத் தெரிந்தது. சின்னவள் பாயின் முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்.

"ஆனா ஒண்ணு. அங்க அடுப்பு ஒண்ணுதான் இருக்கும். அது என்னுது. நான்தான் ஊத்துவேன்."

பெரியவள் நின்றாள். தட்டை நீட்டிக்கொண்டு தன் கடைசிப் பையன் இவள் முகத்தைப் பார்ப்பது கண்ணில் வந்தது. புருஷன் பார்ப்பது வந்தது. பிறகு தானே பார்ப்பது.

காற்று மறுபடியும் பாய்க்கு அடியில் புகுந்தது. ஒரு வரிசைக் கல் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

"சும்மா நின்னு பேசிக்கிட்டிருக்காத" என்றாள் பெரியவள். "இழுத்துப் பிடிடி."